குட்டிப் பேணிக் கோப்பி

மல்லாவி
23.01.2024, செவ்வாய்

அன்பான தங்கச்சி சுதாஜினிக்கு,

நலம் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய். ஆகவே, இருக்கிறேன் என்று தொடங்குகிறேன். நீயும் ரஜிதனும் என் மருமகள் யதுவும் பேர்ண் குளிருக்குள் சுகமாக இருங்கள்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நாங்கள் ஒழுங்காகக் கதைத்து எத்தனை நாள்? நீ "அண்ணா" என்கிறாய், பிறகு மூக்கை உறிஞ்சுகிறாய். நான் "ஓம்" என்கிறேன், பிறகு எனக்கும் கதை வருவதில்லை. உன் அண்ணி வந்து போனை வாங்கிவிடுவா. செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் கட்டிலில் கிடக்கிறேன். இடக் கையில் ஊசி. இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், மெசினில் கழுவப்பட்டு, மறு குழாயால் திரும்பி வருகிறது. வலக் கைக்கு ஒரு வேலையும் இல்லை. அந்தக் கையால் எழுதுகிறேன். மகள் லக்சிகா இதைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள்.

நீ உன் சிநேகிதியிடம் கொடுத்துவிட்ட கோப்பி மெசின் பத்திரமாக வந்து சேர்ந்தது. டொக்டர் எனக்கு அளந்து தந்திருப்பது நாளுக்கு முக்கால் லீற்றர். தண்ணீர், தேத்தண்ணி, சோற்றுக்கு விடும் சொதி எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். வயலில் நின்று ஒரு செம்பை ஒரே மூச்சில் குடித்தவன் நான். இப்போது அண்ணி கால் கோப்பை தேத்தண்ணி தருகிறா. அது குடித்த மாதிரியும் இல்லை, குடிக்காத மாதிரியும் இல்லை. நீதான் சொன்னாய், "இஞ்ச சனம் முப்பது மில்லிக் கோப்பியை நிண்டுகொண்டே குடிச்சுப்போட்டுப் போகுதுகள் அண்ணா. அது கனநேரம் வாயில நிக்கும்" என்று. டொக்டரிடம் கேட்டேன். "சின்னக் கோப்பையில ஒண்டெண்டால் குடியுங்கோ. ரெண்டு வேண்டாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் கோப்பை. முதல் வாய் கசந்தது. இரண்டாம் வாயில் அந்தக் கசப்புக்குப் பின்னால் வேறு ஏதோ வந்தது, வறுத்த கச்சான் கடலை மாதிரி. மூன்றாம் வாயோடு முடிந்துவிட்டது. ஆனால் பத்து மணி வரைக்கும் நான் தண்ணீரை நினைக்கவில்லை. இந்த வருத்தம் வந்து இரண்டு வருடத்தில் அப்படி ஒரு காலை எனக்கு வாய்க்கவில்லை.

மெசினில் போட நீ அனுப்பியது இருபது கோப்பிக் கப்சூல். பதினேழு மிச்சம் இருக்கிறது. மல்லாவிக் கடைகளில் லக்சிகா கேட்டாள், முல்லைத்தீவிலும் கேட்டாள். கப்சூல் என்றால் பாமசியைக் காட்டுகிறார்களாம்.

யதுவுக்கு மாமாவின் கொஞ்சல்.

உன் அண்ணன்,
தயாபரன்


பேர்ண்
28.01.2024

என் அண்ணாவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்து எத்தனை வருடம்! என் பள்ளிக்கூடக் கொப்பியில் "நன்று" போட்டு ஒப்பம் வைப்பீர்களே, அதே சாய்ந்த எழுத்து. போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். அழவில்லை என்று எழுத ஆசைதான்.

கப்சூலுக்குக் கவலைப்படாதீர்கள். திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய சில்வர்க் கப்சூல் இரண்டு அனுப்புகிறேன். மூடி இருக்கிறது, விளிம்பில் ஒரு றப்பர் வளையம் இருக்கிறது. நல்ல தூள் போட்டால் கடைக் கப்சூலை விட இதில்தான் கோப்பி திறம். நான் வீட்டில் அதில்தான் போடுகிறேன். நாள் முழுக்க ரயில் நிலையத்துக் கோப்பிக் கடையில் பெரிய மெசினோடு நிற்கிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

செய்ய வேண்டியதைக் கவனமாகப் படியுங்கள். மல்லியும் சுக்கும் கலந்த பைக்கற் தூள் வேண்டவே வேண்டாம். கொட்டை வாங்கி வறுத்து, ஒரு நாள் ஆறவிட்டு அரைக்க வேண்டும். ரவையை விட மெல்லியதாக, கோதுமை மாவை விடச் சொரசொரப்பாக. விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி, கரண்டியின் முதுகால் மெதுவாக அழுத்துங்கள். விளிம்பில் ஒரு தூள் கூட ஒட்டியிருக்கக்கூடாது. ஒட்டினால் மூடி இறுகாது, பக்கத்தால் ஒழுகும். முதலில் வெறும் வெந்நீரை ஒரு தரம் ஓடவிட்டு மெசினையும் கோப்பையையும் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

அண்ணா, இன்னொன்று. உங்கள் இரத்தம் என்ன வகை? அண்ணிக்குச் சீனி வருத்தம், லக்சிகாவின் இரத்தம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்பது தெரியும். என்னுடையது பி பொசிட்டிவ். சும்மா கேட்கிறேன்.

அன்பு மாறாத
சுதா


மல்லாவி
15.03.2024, வெள்ளி

அன்புத் தங்கச்சிக்கு,

கப்சூல்கள் இரண்டும் கிடைத்தன. அதை எடுத்துப் பார்த்து, "குப்பி மாதிரி" என்று சொல்ல வாய் திறந்தேன். அண்ணி உடனே, "அந்தச் சொல் இந்தக் குசினிக்குள்ள வேண்டாம்" என்றா. ஒரு காலத்தில் இயக்கப் பிள்ளைகளின் கழுத்தில் நஞ்சோடு தொங்கிய சாமான். அவா சொன்னது சரி. அதனால் நாங்கள் குட்டிப் பேணி என்கிறோம்.

முதல் நாள் வீட்டில் இருந்த தூளைப் போட்டேன். சட்டி கழுவின தண்ணி மாதிரி வந்தது. நீ சொன்ன மல்லிதான் காரணம். பிறகு லக்சிகாவோடு கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்யும் பதுளைப் பிள்ளை ஒருத்தி பச்சைக் கொட்டை கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணி தாச்சியில் வறுத்தா, எங்கள் வழக்கப்படி கரியாக. அதை மாவாக அரைத்துவிட்டேன். மெசின் கன்று போடப்போகும் மாடு மாதிரி முனகியது. பத்துச் சொட்டு விழுந்தது, மிச்சம் பக்கத்தால் ஒழுகி மேசை எல்லாம் ஓடியது. அண்ணி துணியோடு வந்து, "உங்களுக்கு அளந்து தாற தண்ணியில இப்ப மேசையும் பங்கு கேக்குது" என்றா. இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் சிரித்து நாளாகிறது, அதனால் எழுதுகிறேன்.

பிறகு மெசினே அடைத்துவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணி உனக்குத் தெரியும்தானே, கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும். தேசிக்காய்ப் புளி விட்டு இரண்டு தரம் ஓட்டினேன். வெள்ளைத் தூளாகக் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணி, "உங்கட உள்ளுக்கும் உப்பிடித்தான் படிஞ்சு கிடக்கோ" என்று கேட்டா. கேட்டுவிட்டு வெளியே போய்விட்டா. தண்ணிதானா, வயலுக்கு அடித்த மருந்தா, வெயிலா, ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் வயல் செய்தவர்கள் எத்தனையோ பேர் இந்தக் கட்டில்களில் கிடக்கிறோம். இப்போது எனக்கும் மெசினுக்கும் வாங்குகிற தண்ணிதான்.

போன கிழமைதான் ஒழுங்காக வந்தது. வறுப்பைக் குறைத்தோம், அரைப்பைக் கொஞ்சம் மொத்தமாக்கினோம், விளிம்பைத் துடைத்தேன். மேலே தேன் நிறத்தில் நுரை. நீ அதற்கு ஏதோ பெயர் சொன்னாய், மறந்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் நாயாற்று அல்பேர்ட் கிடக்கிறார். கடல்தொழில் செய்தவர். கோப்பிக் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, நான் கடலில நிண்ட காலத்தில தண்ணிக்கு மேல இருந்துகொண்டே தாகத்தோட கிடந்தனான். இப்ப கரையிலயும் அப்பிடித்தான்" என்றார்.

என் இரத்தமும் பி பொசிட்டிவ். நீ சும்மா கேட்டாய், நானும் சும்மா சொல்கிறேன். இத்தோடு அந்தக் கதை முடிந்தது.

அண்ணன்


பேர்ண்
07.04.2024

அண்ணா,

அந்தக் கதை முடியவில்லை.

இங்கே டொக்டரிடம் போய் எல்லாப் பரிசோதனையும் செய்தேன். என் இரண்டு சிறுநீரகமும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஒன்றோடு ஒரு மனுசர் முழு ஆயுளும் வாழலாம் என்று படம் கீறிக் காட்டினார். எனக்கு முப்பத்திமூன்று வயது. வேறு யாரிடம் கேட்கப் போகிறீர்கள்?

தடை ஒன்றே ஒன்றுதான். எனக்குத் தந்திருக்கும் அடைக்கலப் பத்திரத்தோடு எந்த நாட்டுக்கும் போகலாம், ஊருக்கு மட்டும் போக முடியாது. போனால் அடைக்கலம் இரத்தாகிவிடும், திரும்பி வர முடியாது. விசேடமாக ஒரு மாத அனுமதி தாருங்கள் என்று எழுதிக் கேட்டேன். சட்டத்தில் இடமில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. உங்களை இங்கே கூப்பிடவும் கேட்டேன். அதுவும் இல்லை. இந்தியாவில் செய்யலாமா என்று விசாரித்தேன். கொடுப்பவர், எடுப்பவர் இருவருக்கும் சொந்த நாட்டுத் தூதரகத்தின் கடிதம் வேண்டுமாம். அந்தப் படியில் நான் கால் வைத்தாலும் பத்திரம் போய்விடும். எந்த வழியால் சுற்றினாலும் அதே பூட்டின படலைக்குத்தான் வந்து நிற்கிறேன்.

ஆகவே பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று யோசிக்கிறேன். ரஜிதனிடம் சொன்னேன். அவர் யதுவைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். இருட்டத்தான் வந்தார்.

ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குக் கோப்பி ஊற்றுகிறேன் அண்ணா. பேர் தெரியாத சனம். "நன்றி" என்று சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் அண்ணனின் கையில் ஒரு கோப்பை கொடுக்க எனக்கு வழியில்லை.

நுரை இன்னும் தடிப்பாக வர ஒரு வழி. பொத்தானை அழுத்தி, தூள் நனைந்ததும் நிறுத்துங்கள். பத்து வரை எண்ணுங்கள். பிறகு திரும்ப அழுத்தி, இருபத்தைந்து மில்லியில் நிறுத்திவிடுங்கள். கடைசியாக வருகிற தண்ணிதான் கசப்பைக் கொண்டுவருவது.

சுதா


மல்லாவி
16.04.2024, செவ்வாய்

சுதாஜினி,

வருடப்பிறப்புக்கு எழுத இருந்தேன். உன் கடிதத்துக்குப் பிறகு நல்ல நாளில் எழுத மனம் வரவில்லை.

உனக்கு மறந்துவிட்டதா? பதினேழு வயதில் உன்னை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் வண்டிக்குப் பின்னால் துணுக்காய்ச் சந்தி வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். திரும்பி வந்தபோது உன் தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. கதவு அடித்தாலும் குனிந்தாய். பிறகு ஆமியின் முகாம். முகாமிலிருந்து வீட்டுக்கு வந்தால், மாதத்துக்கு ஒரு தடவை விசாரணை. எங்கள் வீட்டுக் கதிரையிலேயே உன்னை இருத்திவைத்துக் கேட்பார்கள், நான் முற்றத்தில் நிற்பேன். முற்றத்தில் நிற்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீ போன பிறகும் மூன்று முறை உன்னைத் தேடி வந்தார்கள். இதை உனக்கு நான் சொன்னதில்லை. இப்போது ஒருவரும் வருவதில்லை, அது உண்மை. நீ வந்தால் வரமாட்டார்கள் என்று எனக்கு யார் உறுதி தருவார்கள்? யதுவுக்கு ஆறு வயது. தாய் ஒரு நாட்டில், பிள்ளை ஒரு நாட்டில். அப்படி ஒரு கிட்னியை எனக்குள் வைத்துக்கொண்டு நான் எப்படி நித்திரை கொள்வது?

அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் நான்தான் உனக்குப் பெரியவன். சொல்வதைக் கேள். வராதே.

நீ சொன்ன மாதிரிப் பத்து எண்ணிப் பார்த்தேன். நுரை தடித்துத்தான் வந்தது.

அண்ணன்


பேர்ண்
02.06.2024

அன்பு அண்ணாவுக்கு,

ஆறு கிழமை யோசித்தேன். கோபிக்காதீர்கள். வருகிற இருபதாம் திகதி தூதரகத்தில் கடவுச்சீட்டுக்கு நேரம் எடுத்திருக்கிறேன். அடுத்த நாள் இங்கே அலுவலகத்தில் பத்திரத்தைக் கையளிக்கிறேன். ரஜிதன் கடைசியில் "உம்மட அண்ணன். நான் மறிச்சால் பிறகு எங்களுக்குள்ள என்ன மிச்சம் இருக்கும்?" என்றார். அவரும் யதுவும் இங்கேயே இருப்பார்கள். பிறகு ஒரு வழி பார்ப்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிளினிக்கில், ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பரிசோதனைகளைத் தொடங்குங்கள். நெஞ்சு, ஈரல் எல்லாம் பார்ப்பார்களாம். முடிவு வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் காலைக் கோப்பியை ஒருநாள் நானே போட்டுத் தருவேன். உங்கள் அரைப்புச் சரியா என்று நானே பார்க்க வேண்டும்.

சுதா


வவுனியா
14.06.2024, வெள்ளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை நானே படம் எடுத்து அனுப்புகிறேன். மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

பரிசோதனை செய்தார்கள். எக்கோ எடுத்துப் பார்த்ததில் நெஞ்சு பலவீனம் என்று வந்திருக்கிறது. இரத்தத்தைத் தள்ளும் பலம் பாதியும் இல்லையாம். இந்த நெஞ்சோடு மாற்றுச் சத்திரசிகிச்சை தாங்காது, யோசிக்கவே வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். யார் கொடுத்தாலும் பயனில்லை.

அண்ணிக்கும் லக்சிகாவுக்கும் சொல்லவில்லை. அவர்களைப் பயப்படுத்த விருப்பமில்லை. நீயும் சொல்லாதே. தூதரகத்துக்குப் போகாதே. போக ஒரு காரணமும் இல்லை.

இரத்தம் கழுவுவது வழமை போல நடக்கும். நான் இருக்கிறேன்.

அண்ணன்


பேர்ண்
16.06.2024

என் அண்ணாவுக்கு,

வெள்ளிக்கிழமை வேலையில் நிற்கும்போது உங்கள் கடிதம் வந்தது. படித்துக்கொண்டே ஒரு மனிசிக்குக் கோப்பி ஊற்றினேன். கோப்பை நிறைந்து வழிந்து என் கையில் கொட்டியது. மனேச்சர் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

தூதரக நேரத்தை இரத்துச் செய்துவிட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அண்ணிக்குச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று. நெஞ்சு பலவீனம் என்றால் இந்தக் கோப்பி உங்களுக்குக் கூடாது. படபடப்பைக் கூட்டும். நான்தான் அனுப்பினேன், நான்தான் கேட்கிறேன். மெசினை எடுத்து வையுங்கள். இரண்டாயிரம் முறை யோசித்துத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். என் தலையில் சத்தியமாக.

சுதா


மல்லாவி
09.07.2024, செவ்வாய்

தங்கச்சிக்கு,

நிறுத்திவிட்டேன். மெசின் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. உன் தலையில் சத்தியம்.

வெயில் கடுமை. சிறுபோகம் விதைத்த வயலை லக்சிகாதான் லீவு நாளில் போய்ப் பார்க்கிறாள். யது நீச்சல் பழகுகிற படம் பார்த்தேன். கெட்டிக்காரி.

அண்ணன்


பேர்ண்
25.08.2024

அண்ணா,

நேற்று அண்ணி போன் எடுத்தா. "சுதா, உம்மட அண்ணனுக்கு என்ன நடந்தது? ரெண்டு மாசமாக் கோப்பி வேண்டாமாம். ஏனெண்டு கேட்டால் வாய் திறக்கிறார் இல்லை. காலமையில குசினிக்க வந்து நிண்டுபோட்டுத் திரும்பிப் போறார். உங்களுக்குள்ள ஏதும் கோவமோ?" என்று கேட்டா. என்னால் பொறுக்க முடியவில்லை. நெஞ்சுக் கதையைச் சொல்லிவிட்டேன். அண்ணி, "எந்த நெஞ்சு? எப்ப எக்கோ எடுத்தது?" என்றா. இன்று காலை லக்சிகா உங்கள் கிளினிக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினாள். எக்கோ இல்லை. பரிசோதனை ஒன்றும் இல்லை. மே மாதப் பக்கத்தில் டொக்டர் எழுதியிருக்கிறார்: "கொடுப்பதற்கு ஆள் இல்லை என்று நோயாளி கூறுகிறார்."

ஆள் இல்லையா அண்ணா? நான் யார்?

பொய் சொன்னீர்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்றக் கோப்பியையும் விட்டீர்கள். என் தலையில் சத்தியம் வேறு. இரண்டு மாதம் அந்தத் தாகத்தோடு குசினி வாசலில் வந்து நின்றிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் என் கடிதம். இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

திட்டத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் திட்டினால் நானும் பொய்க்காரிதான். உங்கள் கடிதம் வந்த அன்று, கை வெந்து வீட்டுக்கு வந்து, சப்பாத்துக் கூடக் கழற்றாமல் குசினியில் நின்றேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஆறுதல். அந்தப் படியில் கால் வைக்கத் தேவையில்லை. அந்தக் கதிரையில் திரும்ப இருக்கத் தேவையில்லை. யதுவை விட்டுவிட்டு வரத் தேவையில்லை. என் அண்ணனின் நெஞ்சு பழுதாகிவிட்டது என்ற செய்தியைக் கேட்டு, ஒரு நிமிடம் நான் மூச்சு விட்டேன் அண்ணா. பிறகுதான் அழுதேன்.

இப்போது உங்கள் நெஞ்சு நல்லாக இருக்கிறது என்று தெரியும். சந்தோசப்பட வேண்டியவள் நான். ஆனால் திரும்ப நேரம் எடுக்கப் போனை எடுத்தால், இலக்கத்தை அழுத்தாமலே திருப்பி வைத்துவிடுகிறேன். ஜூன் மாதம் இருந்த துணிவு இப்போது இல்லை. அதை எங்கே விட்டேன் என்றும் தெரியவில்லை.

என்னை வரச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு சொல் சொன்னால் வருவேன்.

சுதா


வவுனியா
30.08.2024, வெள்ளி

என் அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணி ஐந்து நாளாக என்னோடு கதைக்கவில்லை. இன்று காலைதான் அலுமாரிக்கு மேலிருந்து மெசினைத் தானே இறக்கி, துடைத்து, மேசையில் வைத்துவிட்டு, "பொய் சொன்ன வாய்க்குக் கோப்பி ஒரு கேடு" என்றா. பிறகு தானே போட்டுத் தந்தா. பேணியைத் துடைக்காமல் போட்டதால் பாதி ஒழுகிவிட்டது. மிச்சத்தைக் குடித்தேன்.

அந்த எக்கோ அறிக்கை உண்மையானதுதான். ஆனால் என்னுடையது அல்ல, அல்பேர்ட்டினுடையது. உன் ஜூன் மாதக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தபோது, டொக்டர் அடுத்த கட்டிலில் அவருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி கொடுக்க ஆயத்தமாக இருந்தான். டொக்டர் போன பிறகு அல்பேர்ட் மேலே பார்த்துக்கொண்டு, "சரி, தம்பி தப்பிச்சிட்டான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் எழுதினேன். ஒரு மனுசனின் கேட்டை எடுத்து எனக்குச் சட்டையாகப் போட்டுக்கொண்டேன். அதை நினைத்து வெட்கப்படுகிறேன். அல்பேர்ட் ஆவணி பதினொன்றில் போய்விட்டார். இப்போது அந்தக் கட்டிலில் புதிதாக ஒருவர்.

நீ மூச்சு விட்டாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்கு வலித்தது என்றா நினைக்கிறாய்? அந்த மூச்சுக்குத்தானே பொய் சொன்னேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் உன்னைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நீ அதற்காகக் கனகாலம் கோபமாக இருந்தாய். பார்த்திருந்தால் இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். கூட்டிக்கொண்டு வந்திருந்தால் உனக்கு யது இல்லை, ரஜிதன் இல்லை. என்ன இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு விருப்பமில்லை.

என்னை ஒரு சொல் கேட்டாய். "வா" என்று எனக்குள் ஒருவன் ஒவ்வொரு செவ்வாயும் கத்துகிறான். எனக்கு ஐம்பது வயதாகவில்லை. உயிர் எனக்கும் வேண்டும். லக்சிகாவின் கலியாணத்தைப் பார்க்க வேண்டும். இதையும் மறைத்தால் நான் இன்னும் பொய்க்காரன். ஆனால் அவன் கத்தட்டும். நான் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டேன். டொக்டரிடமும் இன்று உண்மையைச் சொன்னேன். "ஆள் இருக்கு டொக்டர். நான் எடுக்க மாட்டன்" என்றேன். இந்த நாட்டுக்குள் தானமாகக் கிடைத்தால் தரச் சொல்லிப் பட்டியலில் பெயரைப் போட்டிருக்கிறார். நீண்ட பட்டியல்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ இப்படியே "வரட்டுமா, வரட்டுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தால், நான் ஒவ்வொரு முறையும் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குப் பலம் போதாது. ஒரு நாள் வாய் தவறிவிடும். ஆகவே, வரவில்லை என்று உன் கையால் ஒரு வரி எழுது. நான் சொல்லி அல்ல, நீயாக. அதை வைத்துக்கொண்டு நான் இருந்துகொள்வேன்.

உன் அண்ணன்,
தயாபரன்


பேர்ண்
01.09.2024

என் அண்ணாவுக்கு,

காலையிலிருந்து மேசையில் இருக்கிறேன். ஐந்து கடதாசி கிழித்தேன். நீங்கள் கேட்ட வரியை ரஜிதனை எழுதித் தரச் சொன்னேன். "அது உம்மட்டைக் கேட்டது" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட்டு எனக்குப் பக்கத்தில் வைத்தார். ஆறிப்போய் அப்படியே இருக்கிறது. குடிக்க முடியவில்லை. ஒரு பெரிய கோப்பை நிறைய.

அல்பேர்ட் ஐயாவுக்காக இன்று கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். அவர் வேதக்காரர்தானே, அதனால் இங்கே தேவாலயத்துக்குத்தான் போனேன். யாரோ எவரோ. அவருடைய தம்பியை நினைத்தேன். அவனும் மூச்சு விட்டிருப்பான். அவனும் பிறகுதான் அழுதிருப்பான்.

நேற்று எங்கள் கடைக்கு உங்கள் வயதில் ஒருவர் வந்தார். சின்னக் கோப்பி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். மூன்று வாயில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார், நல்லாக இருந்தது என்றார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடக் கையில் ஒரு தழும்பும் இல்லை.

யது பக்கத்தில் வந்து நின்று, "அம்மா யாருக்கு எழுதுறீங்கள்?" என்று கேட்டாள். மாமாவுக்கு என்றேன். "மாமா எங்கட வீட்டுக்கு எப்ப வருவார்?" என்றாள். அவரால் வர ஏலாது என்றேன். "அப்ப நாங்கள் போவமா?" என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

நான் வரவில்லை அண்ணா.

சுதாஜினி